விறகு லொறியில் எவ்வளவு தண்ணீர்?

நுவரெலியாவுக்குப் பக்கத்துக் கந்தப்பளையிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம் இது:

“அப்பா தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். வயது 76, மூச்சிழுப்பும் இருக்கிறது. நாங்கள் இருப்பது பழைய ஸ்டாஃப் குவார்ட்டஸ். ஹோலில் வெள்ளைக்காரன் காலத்துக் கணப்பு ஒன்று உண்டு. மார்கழி, தை மாதங்களில் அதில் எவ்வளவு விறகைப் போட்டாலும் முகம் சுடுகிறது, முதுகு குளிர்கிறது, வீடெல்லாம் புகை. அதனால் படுக்கும் நேரத்தில் அடுப்புக் கங்கைச் சட்டியில் அள்ளி அப்பாவின் அறையில் வைக்கிறோம். ஜெர்மனியில் இருக்கும் தங்கச்சி வெயில் காலத்திலேயே குளிருக்கு எரிக்கிற மரத்தூள் பெலட்டை வாங்கி நிறைத்துவிட்டாளாம். எங்களுக்கும் பெலட் அடுப்பு வாங்கக் காசு அனுப்புகிறேன் என்கிறாள். இங்கே லொறிக்காரர் ஒருவர் கிலோ கணக்கில் விறகு தருகிறேன் என்கிறார். ஐயா, பெலட்டா, விறகா? எப்போது வாங்குவது, எவ்வளவு வாங்குவது?”

சகோதரி, நீங்கள் கேட்காததற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கங்குச் சட்டியை இன்றோடு நிறுத்துங்கள். புகை வராத கங்குதானே என்று நினைப்பீர்கள். புகை வரும்போதாவது கண் எரியும், ஆள் இருமிக்கொண்டே எழுந்து கதவைத் திறப்பார். கங்கிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். குளிருக்காகக் கதவு ஜன்னலை எல்லாம் இறுக்கிச் சாத்திய அறையில், தூங்குகிற ஆளுக்கு அது தெரியவே தெரியாது. காலையில் எழும்போது தலை கனக்கிறது, வயிற்றைப் புரட்டுகிறது என்று அப்பா எப்போதாவது சொல்லியிருக்கிறாரா, கேட்டுப் பாருங்கள். சொல்லியிருந்தால் அது பனியால் வந்தது என்று விட்டுவிட வேண்டாம், டொக்டரிடம் சட்டி விஷயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவருடைய படுக்கைக்குச் சுடுதண்ணீர்ப் பை இரண்டு போதும். ஒன்று காலடியில், ஒன்று கம்பளிக்குள்.

சரி, பெலட்டுக்கு வருவோம். உங்கள் தங்கச்சி செய்தது அவளுடைய ஊருக்கு மிகச் சரியான வேலை. மரத்தூளைக் காயவைத்து, துளை போட்ட இரும்பு அச்சு வழியாக அழுத்தித் தள்ளினால் பென்சில் தடிப்பில் சின்னச் சின்னத் துண்டுகளாக வரும். பசை எதுவும் வேண்டியதில்லை. அழுத்தத்தின் சூட்டில் மரத்திலிருக்கும் லிக்னின் என்ற இயற்கைப் பசையே இளகி ஒட்டிக்கொள்ளும். ஐரோப்பாவில் இதற்கு என்பிளஸ் என்ற தர முத்திரை இருக்கிறது. அதன் முதல் தரமான ஏ1 என்றால் விட்டம் 6 அல்லது 8 மில்லிமீட்டர், ஈரம் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, சாம்பல் 0.7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. பையில் இது அச்சடித்திருப்பதால், வாங்குகிறவருக்குத் தான் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது தெரியும். அங்கே குளிர் முடிந்து வெயில் தொடங்கும்போது வாங்குகிறவர்கள் குறைவு, விலையும் பெரும்பாலும் இறங்கியிருக்கும். அதனால்தான் அவள் அப்போதே நிறைத்துவிட்டாள்.

ஆனால் அந்த அடுப்பைக் கந்தப்பளைக்குக் கொண்டுவந்து வையுங்கள். பெலட்டை நெருப்புக்குத் தள்ளுகிற திருகும் காற்றை ஊதுகிற விசிறியும் கரண்டில் ஓடுபவை. மழைக்கு ஒரு மரம் வயரில் விழுந்தால் அன்றிரவு வீட்டில் கரண்டும் இல்லை, கணப்பும் இல்லை. இங்கே கிடைக்கும் பெலட் பெரும்பாலும் ஆலைக் கொதிகலன்களை மனதில் வைத்துச் செய்தது. பட்டையும் உமியும் கலந்தால் சாம்பல் ஏறும். பெரிய உலைக்கு அது பொருட்டே இல்லை. வீட்டு அடுப்பின் கையளவு எரிகிண்ணத்தில் அந்தச் சாம்பல் உருகிக் கல் மாதிரி இறுகிவிடும், பிறகு ஸ்குரூடிரைவரால் குத்தி எடுக்க வேண்டியதுதான். இதற்கெல்லாம் மேலே நம்முடைய மூடுபனி. பெலட் பையில் ஓர் ஓட்டை விழுந்தால் போதும், ஒரு வாரத்தில் அது உப்பி, உதிர்ந்து, பழைய மரத்தூளாகவே உங்களிடம் திரும்பி வரும்.

ஆகவே பெலட் வேண்டாம். ஆனால் பெலட் வாங்குகிறவர் ஈரம் எவ்வளவு என்று கேட்டு வாங்குகிறாரே, அந்தப் பழக்கத்தை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் விறகை எத்தனை கிலோ, எத்தனை லொறி என்று கேட்போம். எவ்வளவு காய்ந்தது என்று கேட்கிறவர் அபூர்வம்.

தேயிலை ஸ்டோர்களில், அதாவது தேயிலைத் தொழிற்சாலைகளில், உலையையும் ட்ரையரையும் பார்த்துக்கொண்டே முப்பது வருடம் ஓடியது. இந்தப் பாடத்தை எனக்குக் கற்றுத்தந்தது அங்கே உலைக்கு விறகு போட்ட ஒரு பெரியவர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு ஸ்டோரில், விடியற்காலையில் ஒரு விறகு லொறி வந்து தராசில் ஏறியது. இரவு முழுக்க மழை. லொறியின் பின்பலகையிலிருந்து தண்ணீர் கோடு கோடாக வழிந்து தராசின் இரும்புத் தட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் எடையை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெரியவர் ஒரு கட்டையை எடுத்து, கோடரியால் ஒரே போடு போட்டுப் பிளந்து, பிளந்த முகத்தைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு பேசாமல் என் கன்னத்திலும் வைத்தார். ஓடைக் கல்லைப் போலக் குளிர்ந்தது. “தண்ணிக்கு ரசீது போட்டுட்டீங்க தம்பி” என்றார். அன்று பகல் முழுக்க ட்ரையருக்குப் போகும் காற்றின் சூடு ஏறவே இல்லை. கொழுந்து காய்வதற்குப் பதிலாக வெந்தது. அந்தத் தேயிலையைச் சுவைத்துத் தரம் பார்த்த டேஸ்டர் எழுதியதை இங்கே எழுத எனக்கு இஷ்டமில்லை.

கணக்கு இதுதான். பச்சையாக வெட்டிய விறகில் எடையில் பாதி தண்ணீர். 1000 கிலோ வாங்கினால் 500 கிலோ மரம், 500 கிலோ தண்ணீர். அதே விறகை ஈரம் 20 சதவீதமாகும்வரை காயவிட்டால் எடை 625 கிலோவாக இறங்கும், மரம் அதே 500 கிலோதான். இழப்பு இதோடு முடிவதில்லை. அடுப்பில் போட்ட பிறகு மிச்சத் தண்ணீரை ஆவியாக்கவும் அந்த மரமே எரிந்தாக வேண்டும். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் பச்சை விறகில் கிலோவுக்கு ஏறக்குறைய 8 மெகாஜூல் சூடு வரும், நன்கு காய்ந்ததில் 14க்கு மேல். பச்சைக்குக் கிலோ 10 ரூபா கேட்டால், காய்ந்ததற்கு 17 ரூபா கொடுத்தாலும் உங்களுக்கு நட்டமில்லை. நல்ல பெலட்டில் 17 மெகாஜூல் இருக்கும், அதாவது காய்ந்த விறகைவிட ஐந்தில் ஒரு பங்குதான் கூட. விலை அதைவிட எத்தனை மடங்கு என்று கேட்டாலே தங்கச்சிக்கு என்ன பதில் எழுதுவது என்பது தெரிந்துவிடும்.

கிலோ கணக்கில் விற்கிறவருக்கு ஈரம் லாபம். அப்படியானால் அளவு கணக்கில், கனமீட்டர் அடுக்காக வாங்கலாமா? அங்கேயும் ஒரு குறுக்குவழி இருக்கிறது. அல்பீசியா போன்ற பஞ்சு மரம் அடுக்கில் நிறைய இடம் பிடிக்கும், அடுப்பில் கடதாசி மாதிரி எரிந்து போகும். கோணல் கட்டைகளை இடைவெளி விட்டு அடுக்கினால் காற்றையும் விற்கலாம். என் வழக்கத்தைச் சொல்கிறேன். ஈரமாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் அளவில் வாங்குவேன், காய்ந்தது என்று சோதித்துத் தெரிந்துகொண்டால் எடையில் வாங்குவேன். மழை பெய்த மறுநாள் எடையில் வாங்கவே மாட்டேன்.

சோதிப்பது பெரிய வித்தை இல்லை. லொறியின் மேலடுக்கைப் பார்க்காதீர்கள், அது வெயில் பட்டது. நடுவிலிருந்து ஒரு கட்டையை உருவச் சொல்லி, அங்கேயே பிளக்கச் சொல்லுங்கள். பிளக்க முடியாது என்று சாக்குச் சொல்கிறவரிடம் வாங்க வேண்டாம். கன்னச் சோதனையைச் செய்யுங்கள், யாரும் சிரித்தால் சிரிக்கட்டும். இரண்டு கட்டையைத் தட்டினால் காய்ந்தது டக் என்று கூர்மையாகக் கேட்கும், ஈரமானது தொம் என்று அமுங்கும். வெட்டு முகத்தில் நடுவிலிருந்து விளிம்புக்கு வெடிப்பு ஓடியிருக்க வேண்டும், பட்டை கையால் இழுத்தாலே கழல வேண்டும். இரண்டு ஊசி உள்ள ஈரமானி கடைகளில் கிடைக்கிறது. வாங்கினால், புதிதாகப் பிளந்த முகத்தில் குத்துங்கள், வெளித்தோலில் குத்தினால் அது பொய் சொல்லும். ஒரு விஷயம், அந்தக் கருவி பொதுவாகத் தண்ணீரை உலர்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டுச் சொல்லும். அதில் 25 என்று காட்டினால் நான் மேலே சொன்ன கணக்கில் அது 20. ஆகவே 25க்குக் கீழே காட்டினால் வாங்கலாம்.

எப்போது, எங்கே என்ற கேள்விதான் எனக்குப் பிடித்தது. ஏனென்றால் மலைநாட்டில் அதற்கு ஒரே பதில் கிடையாது. ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை. அங்கே அந்த மாதங்களில் வெட்டிய விறகு வெட்டின நாளைப் போலவே கிடக்கும். அதே மாதங்களில் மலைக்கு அந்தப்பக்கம் வெலிமடை, பண்டாரவளையில் கச்சான் காற்று வறட்டுத்தனமாக வீசும். ஜூலையிலிருந்து செப்டம்பர்வரை ஊவாத் தேயிலைக்கு அந்தத் தனி வாசத்தை ஏற்றுவதும் அந்தக் காற்றுதான். கொழுந்தின் ஈரத்தை இழுக்கிற காற்று விறகை மட்டும் விட்டுவிடுமா? ஆகவே உங்களுக்கு என் யோசனை: இந்தச் செப்டம்பருக்குள், வெலிமடைப் பக்கத்தில் வெட்டிப் பிளந்து ஒரு வெயில் காலத்தைக் கண்ட விறகைத் தேடுங்கள். நுவரெலியா வழியாக லொறிக் கூலி கொஞ்சம் கூடும், கொடுங்கள். ஒக்டோபர் பிறந்தால் மலைநாடு முழுக்க மழை, அதன்பிறகு உங்கள் பக்கம் வடகிழக்கு மழை. டிசம்பரில் பல் கிட்டும்போது வாங்கப் போனால் கிடைப்பது எல்லாம் நனைந்த விறகுதான், விலையும் அவர் சொல்கிற விலைதான். ஜனவரி, பெப்ரவரியில் வானம் வெளித்து, புல்லில் உறைபனி விழுகிற இரவுகளில்தான் உங்களுக்கு நெருப்பு அதிகமாக வேண்டும். ஆனால் அப்போது பகலில் அடிக்கிற வெயிலை வீணாக்காதீர்கள். அடுத்த வருடத்து விறகை அந்த வெயிலில் பச்சையாக, மலிவாக வாங்கிப் பிளந்து போடுங்கள்.

மரத்தைப் பொறுத்தவரை உங்கள் வீட்டுக்கு நான் முதலில் சொல்வது சவுக்கு, அதாவது தேயிலைக்கு நிழலாக நிற்கும் கிரேவிலியா. லேசாகப் பிளக்கும், பிளந்து அடுக்கினால் நல்ல காற்றில் மூன்று நான்கு மாதத்தில் காயும். டர்பன்டைன் கனமான மரம், நின்று எரியும், ஆனால் காய்வதற்கு அரை வருடத்துக்கு மேல் எடுக்கும். பச்சையில் பிளக்காவிட்டால் பிறகு கோடரி அதில் சிக்கிக்கொண்டு வராது. பிடுங்கிய பழைய தேயிலைக் கட்டை கிடைத்தால் விடாதீர்கள். இரும்பு மாதிரி இருக்கும், கங்கு மணிக்கணக்கில் நிற்கும். பற்றவைக்கக் கவ்வாத்தில் வெட்டி விழுந்த தேயிலைக் குச்சி, மிலாறு, இருக்கவே இருக்கிறது, அப்பாவுக்கு அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பைனஸ் பிசின் மரம், புகைக்கூட்டில் கரி பிடிக்கும், பற்றவைக்க ஒரு சிராய் போதும். பழைய மரத் தந்திக் கம்பத் துண்டு, பெயின்ட் அடித்த பலகை, இவை இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். கம்பத்துக்குப் பூசிய மருந்தில் ஆசனிக் இருக்கலாம், இழுப்புக்காரர் இருக்கும் வீட்டில் அந்தப் புகை ஆகாது. வாங்கும்போது மரம் எங்கே வெட்டியது, பெர்மிட் இருக்கிறதா என்றும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி அந்தக் கணப்பு. முகம் சுடுகிறது, முதுகு குளிர்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். திறந்த கணப்பின் குறையை இதைவிட நன்றாக யாராலும் சொல்ல முடியாது. விறகின் சூட்டில் நூற்றுக்குப் பத்து, பதினைந்துதான் அறைக்கு வரும். மிச்சம் புகைக்கூடு வழியாக மேலே போகும். போகும்போது அறையிலிருக்கும் சூடான காற்றையும் இழுத்துக்கொண்டு போகும், அந்த இடத்தை நிரப்பக் கதவிடுக்கால் வெளிக்குளிர் உள்ளே வரும். உங்கள் முதுகில் படுவது அதுதான். தங்கச்சி அனுப்பும் காசில் கணப்பின் வாய்க்குள் வைக்கிற மாதிரி, கதவும் காற்றுக்கு ஒரு தள்ளுத்தகடும் உள்ள ஓர் இரும்படுப்பை வாங்குங்கள், அல்லது நல்ல வெல்டிங் பட்டறையில் 5 மில்லிமீட்டர் தகட்டில் செய்வியுங்கள். உள்ளே சூடு தாங்கும் நெருப்புச் செங்கல் பதிக்க வேண்டும், குழாய் பழைய புகைக்கூட்டுக்குள் இறங்காமல் மேலேறி இறுக்கமாகச் சேர வேண்டும். பழைய கேஸ் சிலிண்டரை வெட்டிச் செய்து தருகிறேன் என்று யாராவது வந்தால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். மூடிய அடுப்பில் நூற்றுக்கு அறுபது, எழுபது பங்கு சூடு அறைக்கு வரும். அடுப்புக்கு மூச்சு வேண்டும் என்பதால் ஹோலில் ஒரு காற்றுத்துளையை மட்டும் அடைக்காமல் விட்டு, மற்ற இடுக்குகளைத் துணியால் அடையுங்கள். தகரத்துக்குக் கீழே சீலிங் இல்லை என்றால் முதல் செலவு அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

புகைக்கூட்டைப் பாருங்கள். கணப்புக்குள் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தால், நடுப்பகலில் வானம் ஒரு சதுரமாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் உள்ளே பறவைக் கூடு இருக்கும், அல்லது வருடக்கணக்கில் ஈர விறகு பூசிய கரித்தார். அந்தத் தார் ஒரு நாள் பற்றிக்கொள்ளும். மேலிருந்து கயிற்றில் இரும்புப் பிரஷ் இறக்கிச் சுத்தம் செய்யத் தெரிந்த ஆளை, குளிர் தொடங்குமுன் ஒரு தடவை கூப்பிடுங்கள்.

எவ்வளவு வாங்குவது? மூடிய அடுப்பு, ஒரே ஹோல், மாலை 6 மணியிலிருந்து 10 மணிவரை என்று வைத்தால் ஒரு நாளைக்கு காய்ந்த விறகு 5 கிலோ. மார்கழி நடுவிலிருந்து மாசிவரை 75 நாள் என்றால் 375 கிலோ, அடுக்கினால் ஏறக்குறைய ஒரு கனமீட்டர். கொஞ்சம் கூட்டி 500 கிலோ வாங்குங்கள். திறந்த கணப்பில் இதே சூடு வேண்டுமானால் ஒன்றரை இரண்டு தொன் வேண்டியிருக்கும், வீட்டுக்குள் வரும் புகையும் அப்பாவிடம்தான் போகும்.

வந்த விறகை வீட்டுச் சுவரோடு ஒட்டி அடுக்க வேண்டாம், கறையான் வந்துவிடும். நாலு கல் வைத்து, அதன்மேல் இரண்டு கம்பு போட்டு, ஒரு சாண் இடம் விட்டு அடுக்குங்கள். மேலே மட்டும் தகரம், பக்கங்கள் திறந்திருக்கட்டும். பொலித்தீனைப் போட்டு முழுக்கச் சுற்றி வைத்தால் பனிக்கு உள்ளேயே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும், போன வருடம் உங்களுக்கு அப்படித்தான் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். மூன்று நாள் விறகை எப்போதும் ஹோலுக்குள் வையுங்கள், அடுப்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி.

தங்கச்சிக்கு இன்னொன்றும் எழுதுங்கள். பெலட் அடுப்புக்குப் பதிலாக, பெட்டரியில் ஓடும் கார்பன் மொனொக்சைட் அலாரம் இரண்டு அனுப்பச் சொல்லுங்கள். பெட்டியில் ஈஎன் 50291 என்று போட்டிருக்க வேண்டும். புகை அலாரம் வேறு, இது வேறு, கடையில் மாறி எடுத்துவிடப் போகிறாள். ஒன்றை ஹோலில் மாட்டுங்கள், மற்றதை அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில், அவர் தலையணை உயரத்தில்.